தூரத்து மரம் வெளிறித் தெரியிறதுக்கு ஒரு சொல் வேணும் (வெள்ளிக்கு முதல்!)

எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமை வகுப்புப் பிள்ளையளோட கொழும்பு பேரே வாவியடியில இருந்து வோட்டர்கலர் கீறப்போறன், கையேடு வெள்ளிக்கிழமை பிரின்ட்டுக்குப் போகோணும். கிட்ட நிக்கிற மரம் கடும்பச்சை, தள்ளிப்போகப் போக நிறம் வெளிறி ஓரம் கரைஞ்சு நீலம் பிடிக்கும், காத்து நீல ஒளியத்தானே கூடச் சிதறடிக்குது. இதைத்தான் இங்கிலிசில அட்மொஸ்ஃபெரிக் பேர்ஸ்பெக்டிவ் எண்டுறது. "வளிமண்டலத் தூரநோக்கு" எண்டு எழுதினன், இது புவியியல் பாடமோ ரீச்சர் எண்டு ஒரு பிள்ளை கேட்டுது.

----

ரீச்சர், சேய்மங்கல். சேய்மை (தூரம்) + மங்கல், ஈறுபோதல் விதிப்படி கடைசி மை கெட்டுது. கெட்ட மையையும் சும்மா விடேலாது, மை எண்டா மேகம், கருமை, கண்ணுக்குப் பூசுறது, மஞ்சும் மங்கலும் அந்த வேரில இருந்துதான் வந்திருக்கும் எண்டு என்ர எண்ணம், இன்னும் எழுதலாம்...

----

வேண்டாம் ஐயா! சேய் எண்டா பிள்ளையும்தான், பிள்ளை வாடிப்போச்சோ எண்டு தாய்மார் போன் எடுப்பினம். டா வின்சி இதைக் காத்தோட சேத்துத்தான் பேர் வச்சவர், மனுசன் வேர் கிண்டேல்லை. தூரவெளிறல், விசயம் முடிஞ்சுது.

----

தூரம் வடசொல். வெளிறு எண்டதை வள்ளுவர் அறியாமைக்குச் சொன்னவர், தம்பி அதை யோசிச்சுத்தான் போட்டாரோ தெரியாது.

----

சண்டையை விடுங்கோ, எனக்கொரு சின்ன யோசினை. படத்தில முன்னுக்கு, நடுவில, பின்னுக்கு எண்டு மூண்டு தளம் இருக்கெல்லோ. சுட்டெழுத்தும் மூண்டு. இம்மரம், உம்மரம், அம்மரம்! கிட்டவும் இல்லாம தள்ளியும் இல்லாம நடுவில இருக்கிறதைச் சொல்லுற உதுவை இந்தியாவில விட்டிட்டினம், நாங்கள் இன்னும் "உதென்ன" எண்டுதானே கேக்கிறம்.

----

உது நல்லாயிருக்கு. அப்ப தண்ணியில தெரியிற மரத்துக்கு? எங்கட சயன்ஸ் புத்தகத்தில தெறிப்பு, சென்னையில எதிரொளிப்பு.

----

நிழல் எண்டு போடுங்கோ, பழைய வழக்கு.

----

அதுதான் ஐயா கரைச்சல். நிழல் வெயிலைப் பாத்து விழும், தண்ணியில தெரியிறது வெயில் எங்க நிண்டாலும் பாக்கிறவனை நோக்கி நேர வரும், பிள்ளையள் வாவித் தண்ணியில தெரியிற தாமரைக் கோபுரத்தைச் சரிச்சுக் கீறுறதே அதைக் குழப்பித்தான். தெறிப்பு எண்டே போடுறன். மற்றதுக்கு தூரவெளிறல், நாலு பேர் சொல்லிட்டினம், எனக்கும் நேரமில்லை. இம்மரம் உம்மரம் அம்மரம் மூண்டும் போகுது.

----

போடுங்கோ. என்ர பிரதியில நான் வெட்டிப்போட்டு சேய்மங்கல் எண்டு எழுதுவன். மை பற்றின மிச்சம் நாளைக்கு.