மலை இறக்கத்தில் பிரேக் மிதி இளகுகிறது, ஊரில் சரியாக இருக்கிறது: என்ன கோளாறு?

கேள்வி (கோட்டையூர்)
வணக்கம். மதுரை, தேனி, போடி வழியாகக் குடும்பத்தோடு மூணாறு போய் வந்தோம். ஏறும்போது ஒரு தொல்லையும் இல்லை. திரும்பும்போது போடிமெட்டு இறக்கத்தில் பாதி மலையிலேயே கருகல் வாடை அடித்தது. அடுத்த சில வளைவுகளில் பிரேக் மிதி பஞ்சு போல உள்ளே போனது, வண்டி நிற்க மறுத்தது. ஓரங்கட்டிக் காத்திருந்தோம், மிதி தானாக இறுகிவிட்டது. ஊரில் பட்டறையில் காட்டினால் சக்கரத்தோடு சுழலும் தட்டை அழுத்திப் பிடிக்கும் பேடு நன்றாக இருக்கிறது, கசிவும் இல்லை என்கிறார்கள். எட்டு ஆண்டு ஆன டீசல் கார். ஓட்டியவர் அண்ணன், பெரும்பாலும் நான்காவது கியரில். அடுத்த மாதம் அப்பத்தாவை வால்பாறைக்கு அழைத்துப் போக வேண்டும். தேயிலைத் தோட்டத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அங்கே 40 கொண்டை ஊசி வளைவுகள் என்று நினைத்தாலே அச்சமாக இருக்கிறது.

பதில் (புதுவயல்)
எதற்கும் பேடை மாற்றிவிடுங்கள். நல்ல கம்பெனிப் பொருளாகப் போடுங்கள்.

பதில் (தேவகோட்டை)
தம்பி, பேடை மட்டும் மாற்றிவிட்டு மலையேறாதீர்கள். நீங்கள் சொல்லும் குறி முழுவதும் சூட்டின் குறி. வாடை வந்தது பேடிலிருந்து. மிதி இளகியதற்குக் காரணம் பிரேக் ஆயில் கொதித்ததுதான். இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 என்ற தர வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், 3.7 சதவீதம் நீர் ஏறிவிட்டால் அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகும். மிதித்தால் குமிழிதான் நசுங்கும், சக்கரத்துக்கு அழுத்தம் போகாது. ஆறியதும் ஆவி மறுபடி நீர்மமாகிவிடும். அதனால்தான் பட்டறையில் ஒன்றும் தெரியவில்லை.

நம் பக்கம் திருப்பத்தூரிலிருந்து தொண்டி வரை ஓட்டினாலும் பிரேக் சூடாக வழியில்லை. பழைய ஆயிலின் குறை இந்தத் தட்டை மண்ணில் ஆண்டுக்கணக்கில் மறைந்தே கிடக்கும். கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?

கேட்டவர்
சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டினேன், பிரேக் ஆயில் மாற்றியதாக ஒரு வரிகூட இல்லை. கீழ் கியரில் இறங்கினால் எஞ்சின் அலறுகிறது, டீசல் வீணாகும் என்கிறார் அண்ணன். நியூட்ரலில் விடலாமா என்றும் கேட்கிறார்.

பதில் (தேவகோட்டை)
நியூட்ரல் கூடவே கூடாது! வண்டியின் எடை முழுவதும் பிரேக்கின் தலையில் விழும். எஞ்சினையும் அணைத்துவிட்டால் மிதியை லேசாக்கி பிரேக்குக்கு உதவும் வேக்குவமும் (காற்றில்லா உறிஞ்சு விசை) ஸ்டீயரிங் உதவியும் போய்விடும். டீசல் கவலையை விடச் சொல்லுங்கள். கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்றைய எஞ்சின்கள் எரிபொருளையே நிறுத்திவிடுகின்றன. அந்த அலறல் சக்கரம் எஞ்சினைச் சுழற்றும் ஓசை. எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் டாக்கோ மீட்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தொடாதவரை பயம் வேண்டாம்.

வளைவுக்கு முன்பே இரண்டாவது கியருக்கு வந்துவிடுங்கள், கொண்டை ஊசியில் தேவைப்பட்டால் முதல் கியர். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இறங்காமல், அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்து உடனே விட்டுவிடுங்கள். வாடை வந்தால் நிறுத்திக் கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். சூடான டிஸ்க்கில், அதாவது பேடு பிடிக்கும் தட்டில், தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள், கோணிவிடும். ஏறி வருகிறவர்களுக்கு வழி விடுங்கள். மலையில் அது மரியாதை.

பதில் (கானாடுகாத்தான்)
அப்பத்தாவைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன். முன் இருக்கையில் உட்கார வையுங்கள், தூரத்துச் சாலையைப் பார்த்தபடி வரட்டும். பொள்ளாச்சியில் இரண்டு இட்லி போதும், எண்ணெய்ப் பலகாரம் மலையேறிய பிறகு. வாந்தி மாத்திரையை அவருடைய மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். அந்த மாத்திரையால் வயதானவர்களுக்குத் தலைசுற்றல் வரலாம். நத்தம், திண்டுக்கல், பழநி வழி நல்லது. வால்பாறைக்கு இப்போது இ-பாஸ் வேண்டும், முன்பே எடுத்துவிடுங்கள். திரும்பும்போது அட்டகட்டியில் ஒருமுறை, 9ஆவது வளைவின் காட்சிமுனையில் ஒருமுறை நிறுத்துங்கள். பிரேக்கும் ஆறும், அப்பத்தா ஆழியாறு அணையை மேலிருந்து பார்த்த மாதிரியும் ஆகும். வரையாடு நின்றாலும் நிற்கும். தீனி போட வேண்டாம். யானை நடமாடும் காடு என்பதால் இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள்.

கேட்டவர்
ஆயிலை மாற்றியாகிவிட்டது. வெளியே வந்தது கறுப்பாக இருந்தது. நான்கு சக்கரத்தின் பிரேக் குழாயிலும் சிக்கிய காற்றை வெளியேற்றினார்கள், மிதி இப்போது முன்பைவிட மேலேயே பிடிக்கிறது. பின் சக்கரங்களின் பிரேக் டிரம்மையும் கழற்றிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். வால்பாறைக்கு முன்பு அண்ணன் திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலையில் ஏறி இறங்கிப் பழகட்டுமா?

பதில் (தேவகோட்டை)
கட்டாயம் செய்யுங்கள். சிறுமலையிலும் 18 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அடிவாரத்துக்கு வந்ததும் சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். அனல் அடித்தால் இன்னும் பிரேக்கை நம்பித்தான் இறங்குகிறார் என்று பொருள். இன்னொரு முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள்.