இறையியல் முதுகலைப் பயிற்சிக் காலத்தில் நேர்ந்து, இன்றும் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு கணம்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

கரைதேடி

எம்.டிவ். என்னும் இறையியல் முதுகலைப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் பிரசங்கக்கலை வகுப்பு எப்படி நடக்கும் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். என் முறை வந்தபோது யோவான் 21-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டேன். தன்மேல் அன்புண்டா என்று பேதுருவிடம் மூன்று முறை கேட்கும் இயேசு, முதல் இரண்டு முறை உயர்ந்த அன்பைக் குறிப்பதாகச் சொல்லப்படும் அகபாவோ என்ற கிரேக்க வினைச்சொல்லால் கேட்கிறார், பேதுரு ஒவ்வொரு முறையும் நட்பின் நேசத்தைக் குறிப்பதாகச் சொல்லப்படும் ஃபிலேயோ என்றே பதில் சொல்கிறான், மூன்றாம் முறை இயேசுவே அவனுடைய சொல்லுக்கு இறங்கி வருகிறார் என்று உருக்கமாகப் பேசினேன். நம்முடைய பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பிலும் "அன்பாயிருக்கிறாயா" என்ற கேள்விக்கு "நேசிக்கிறேன்" என்றுதான் பதில் வருகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னபோது வகுப்பே தலையசைத்தது.

பேராசிரியர் கருத்து எதுவும் சொல்லவில்லை. எல்லோரும் எழுந்து போன பிறகு தம்முடைய கிரேக்கப் புதிய ஏற்பாட்டை மேசைமீது என் பக்கமாகத் திருப்பி வைத்து, யோவான் 3:35-ஐ வாசிக்கச் சொன்னார். பிதா குமாரனை நேசிப்பதாக வரும் அந்த இடத்தில் அகபாவோ இருந்தது. பிறகு இரண்டு தாள்களைப் புரட்டி, 5:20-இல் விரலை வைத்தார். அதே பிதா, அதே குமாரன், ஆனால் அங்கே ஃபிலேயோ இருந்தது. "இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில் பிதாவின் அன்பு குறைந்துவிட்டதா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் புத்தகத்தை மூடினார்.

என்னை உறுத்துவது அந்தக் கேள்வி அன்று. அந்த வார ஞாயிற்றுக்கிழமை என் களப்பணிச் சபையில் அதே பிரசங்கத்தைச் செய்ய வேண்டியிருந்தது. அதைத் திருத்துவதற்கு எனக்கு முழுதாக மூன்று நாள்கள் இருந்தன. நான் ஒரு வரியையும் திருத்தவில்லை. ஆராதனை முடிந்து வாசலில் நின்றபோது முதியவர் ஒருவர் என் கையைப் பற்றிக்கொண்டு, "மூலமொழி தெரிந்தவர் சொன்னால் தனி அழகுதான், ஐயா" என்றார். நானும் நன்றி சொன்னேன்.

பழைய ஏடு

கரைதேடி அவர்களின் பேராசிரியரை அனைவரும் பாராட்டுவார்கள் என்பதால் நான் மறுபக்கத்தைச் சொல்கிறேன். அந்த வேறுபாட்டைக் கண்டது ஒரு மாணவரின் கற்பனை அன்று. லத்தீன் வேதாகமமான வல்காத்தாவிலும் முதலிரண்டு கேள்விகளில் ஒரு வினைச்சொல்லும் பேதுருவின் பதில்களில் வேறொரு வினைச்சொல்லுமாகத்தான் இருக்கின்றன. மொழிபெயர்ப்பாளர்கள் தலைமுறை தலைமுறையாகக் கவனித்த ஒன்றை இரண்டு வசனங்களைக் காட்டித் தட்டிவிட முடியாது.

ஆயினும் அந்தப் பேராசிரியர் இன்னும் வலுவான ஒரு வாதத்தை வைத்திருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதே மூன்று வசனங்களில் மேய்ப்பதற்கு இரண்டு சொற்களும், ஆட்டுக்கு இரண்டு சொற்களும், அறிவதற்கு இரண்டு சொற்களும் வருகின்றன. அன்பைப் பற்றிய இரண்டு சொற்களைப் பிரித்துப் பிரசங்கம் செய்கிறவர் ஆட்டுக்குட்டிக்கும் ஆட்டுக்கும் நடுவிலுள்ள ஆவிக்குரிய வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லிச் சமாளித்த ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஆகவே இந்தத் திரியை வாசிக்கும் முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சொல்லாராய்ச்சியை முதலில் செய்யாதீர்கள். முதலில் நிறைய வாசியுங்கள். கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் ஏறத்தாழ 5,400 தனிச்சொற்கள் இருந்தாலும், 50 முறைக்கு மேல் வருகின்றவை 300-க்குச் சற்றே அதிகம், அவற்றைத் தெரிந்துகொண்டாலே பக்கத்தில் ஐந்தில் நான்கு பங்கு சொற்கள் பிடிபட்டுவிடும். தேர்வு முடிந்த மறுநாளே இலக்கண நூலைப் பெட்டியில் போட்டு மூடுகிறவர்கள்தான் பிற்காலத்தில் அகராதியைத் திறந்து ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் பிரசங்கம் செய்கிறார்கள். நாள்தோறும் பத்து வசனங்களை உரக்க வாசியுங்கள். பொருள் புரியாவிட்டாலும் வாசியுங்கள். எபிரேயத்துக்கு ரூத்தின் புத்தகத்திலிருந்தோ யோனாவிலிருந்தோ தொடங்குங்கள், யோபுவின் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

என்னுடைய அனுபவத்தை எழுத வந்தவன் இவ்வளவு நீட்டிவிட்டேன். அதைப் பிறகு எழுதுகிறேன்.

நள்ளிரவு அழைப்பு

மருத்துவமனை மேய்ப்புப்பணிப் பயிற்சியில் நான் முடித்த ஓர் அலகு 400 மணி நேரம். வெர்பாட்டிம், அதாவது நோயாளியோடு நடந்த உரையாடலின் சொல்லுக்குச் சொல் பதிவு, எழுதியவர்களுக்கு அதன் வடிவம் தெரிந்திருக்கும்: போதகர் பேசியது போ1, போ2 என்றும், நோயாளி பேசியது நோ1, நோ2 என்றும் எண்ணிட்டு, நினைவிலிருந்து எழுதிக்கொண்டுபோய்க் குழுவின் முன் வைப்போம். ஒரு மாணவர் போதகரின் வரிகளையும் இன்னொருவர் நோயாளியின் வரிகளையும் உரக்க வாசிப்பார்கள்.

மறுநாள் அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருந்த ஒருவரை நான் பார்க்கச் சென்றதைப் பற்றியது என் தாள். நன்றாகவே நடந்தது என்று எண்ணிக்கொண்டிருந்தேன், கேள்வி கேட்டிருந்தேன், செவிகொடுத்திருந்தேன், இறுதியில் ஜெபித்தும் இருந்தேன். நோயாளியின் வரிகளை வாசித்துக்கொண்டிருந்த சக மாணவி ஓரிடத்தில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து, "இவர் மூன்றாம் முறையாக மணி கேட்கிறார். இந்த முறை நீங்கள் மணியைச் சொல்லவே இல்லையே?" என்றார்.

உண்மைதான். நோ2-இல் "மணி என்ன?" என்று கேட்டிருந்தார், நான் "நான்கு பத்து" என்றேன். நோ5-இல் மீண்டும் கேட்டார், "நான்கு இருபத்தைந்து" என்றேன். நோ9-இல் கேட்டபோது போ9-இல் நான், "கவலைப்படாதீர்கள், ஆண்டவர் உங்களோடு இருக்கிறார்" என்று சொல்லியிருந்தேன். மூன்று வரிகளையும் என் கையாலேயே எழுதியிருந்தும் குழுவில் வாசிக்கும்வரை அவை என் கண்ணில் படவில்லை. சுவர்க் கடிகாரம் அவருடைய தலைக்குப் பின்புறம் இருந்ததும், என் கைக்கடிகாரத்தைச் சட்டையின் கை மறைத்திருந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. யாருக்காகக் காத்திருந்தார், எத்தனை மணிக்கு என்ன நடக்கவிருந்தது என்று ஒரு முறையாவது கேட்டிருக்கலாம். அந்த வார இறுதியில் மீண்டும் சென்றபோது கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். உறவினர் அல்லாத எனக்குச் செவிலியர் விவரம் எதுவும் சொல்ல இயலாது, நானும் வற்புறுத்தவில்லை.

மாலை மணி

நள்ளிரவு அழைப்பு அவர்களுக்கு, பணி ஓய்வுபெற்ற ஆயர் ஒருவரின் வாழ்த்து. இதை உங்கள் குற்றமாக எண்ண வேண்டாம், வெர்பாட்டிம் முறை இருப்பதே இதைக் கண்டுபிடிப்பதற்குத்தான். ஆனால் சில நடைமுறைகளைக் கைக்கொண்டால் இப்படிப்பட்ட தவறுகள் குறையும். சந்திப்பு முடிந்த அன்றே எழுதிவிடுங்கள்; ஓர் இரவு தாண்டினால் நம் மனம் நமக்குச் சாதகமாகத் திருத்தி எழுதத் தொடங்கிவிடும். மௌனங்களுக்கும் எண் கொடுங்கள். நோயாளியின் கை என்ன செய்துகொண்டிருந்தது, கண் எந்தப் பக்கம் போனது என்பதைத் தனி வரியாகக் குறியுங்கள். அறைக்குள் நுழைந்ததும் அவருடைய கட்டிலிலிருந்து என்ன தெரியும், என்ன தெரியாது என்று பாருங்கள். கதவா, சன்னலா, வெறும் சுவரா என்பது நாற்காலியை எங்கே இழுத்துப் போட்டு அமர வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். எந்த வாக்கியத்தை நோயாளி இருமுறை சொல்கிறாரோ அதன் மறுபக்கத்தை விசாரியுங்கள். ஜெபத்தைச் சந்திப்பின் முற்றுப்புள்ளியாகப் பயன்படுத்தாதீர்கள். வெளியேறுவதற்கு நமக்குக் கிடைத்த மரியாதையான வாசல் அது என்பது நோயாளிகளுக்குத் தெரியும்.

இந்தப் பயிற்சியைத் தொடங்கியவர்களில் முதன்மையானவரான ஆன்டன் பாய்சன் தாமே மனநல மருத்துவமனையில் நோயாளியாக இருந்தவர் என்பதையும் மறவாதீர்கள். 1924-இல் அமெரிக்காவின் வூஸ்டர் அரசு மருத்துவமனையில் போதகராகச் சேர்ந்து, மறு ஆண்டே இறையியல் மாணவர்களை அங்கே பயிற்சிக்கு அழைத்துக்கொண்டார். நூல்களைப் படிக்கும் அதே கவனத்தோடு "உயிருள்ள மனித ஆவணங்களை" வாசிக்க வேண்டும் என்பதே அவருடைய கோரிக்கை. கட்டிலில் படுத்திருந்தவருக்கு மட்டுமே அப்படி ஒரு சொல்லாட்சி தோன்றியிருக்கும் என்று நான் நினைப்பதுண்டு.

என் அனுபவம் மிகச் சிறியது. நான் சென்ற முதல் மரணப்படுக்கையில் 23-ஆம் சங்கீதத்தை மனப்பாடமாகச் சொல்லத் தொடங்கி, நான்காம் வசனத்தில் தடுமாறி நின்றுவிட்டேன். படுத்திருந்தவர் கண்களைத் திறக்காமலே மீதியைச் சொல்லி முடித்தார்.

நள்ளிரவு அழைப்பு

நான் அறிவுரை கேட்டு எழுதவில்லை, ஐயா. கடைசி மூன்று வரிகளுக்காக நன்றி.

பழைய ஏடு

வாக்களித்தபடி எழுதுகிறேன். ஞாயிறுதோறும் வாசிக்கும் வேதபகுதிகளை ஏ, பி, சி என்று மூன்று ஆண்டுச் சுழற்சியில் தரும் வாசக அட்டவணையின் பி ஆண்டில் ஈஸ்டர் ஞாயிறுக்கு மாற்கு 16:1-8 ஒரு தெரிவாக வரும் அல்லவா? பட்டம் பெற்று வந்த முதல் ஆண்டில் அதை எடுத்துக்கொண்டு, எட்டாம் வசனத்தோடு நிறுத்தி, கல்லறையை விட்டு ஓடிய பெண்களின் பயத்தைப் பற்றிப் பேசினேன். 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க வேதாகமக் கையெழுத்துப் பிரதிகளான சினாயித்திக்கு, வத்திக்கான் இரண்டிலுமே மாற்கு நூல் அந்த வசனத்தோடு முடிகிறது, கிரேக்கத்தில் அது "ஏனெனில்" என்ற இடைச்சொல்லோடு அந்தரத்தில் நிற்கிறது, எஞ்சிய 12 வசனங்கள் மாற்கு எழுதியவை அல்ல என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு என்றெல்லாம் பிரசங்கபீடத்திலிருந்தே சொன்னேன். வகுப்பில் எனக்கு இதற்கு முதல் மதிப்பெண் கிடைத்திருந்தது.

அன்று மாலை ஓர் அம்மா தம்முடைய வேதாகமத்தோடு வீட்டுக்கு வந்தார். வாதாட வரவில்லை. அமர்ந்து, மாற்கு 16-ஐத் திறந்து, "ஞானஸ்நானம் பெற்றவன் இரட்சிக்கப்படுவான்" என்று வரும் 16-ஆம் வசனத்தின் ஓரத்தைக் காட்டினார். பென்சிலால் ஒரு தேதி எழுதியிருந்தது. எழுத்து மங்கியதால் அதன்மேலேயே பேனாவால் இன்னொரு முறை எழுதியிருந்தார். மகள் ஞானஸ்நானம் பெற்ற நாள் அது என்றார். மகள் இப்போது உயிரோடு இல்லை என்பது எனக்குத் தெரியும், அடக்க ஆராதனையை நடத்தியவனே நான்தான்.

"இதை அழித்துவிட வேண்டுமா, ஐயா?" என்று கேட்டார்.

அழிக்க வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்று விளக்க முயன்றேன், திருச்சபை வேதமாக ஏற்றுக்கொண்ட திருமறை நியதிக்குள் இந்த வசனங்களும் அடங்கும் என்றும், ஆக்கியோன் யார் என்ற கேள்வி வேறு, அதிகாரம் பற்றிய கேள்வி வேறு என்றும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு வேதாகமத்தை மூடினார். நான் சொன்னவை அனைத்தும் இன்றும் சரி என்றே நம்புகிறேன். ஆனால் அவர் காலையிலிருந்து மாலைவரை அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்திருப்பார் என்ற எண்ணம் ஒவ்வோர் ஈஸ்டரிலும் வருகிறது.

ஒழுகும் கூரை

எனக்குக் குருப்பட்டத் தேர்வுக் குழுவின் நேர்காணல். நிசேயா திருச்சங்கம் 325, கல்கெதோன் திருச்சங்கம் 451 என்று இரவெல்லாம் படித்துவிட்டுப் போனேன். இறையியலாளர்கள் இருவர் கேட்டவற்றுக்கெல்லாம் பதில் சொன்னேன். இறுதியாக, அதுவரை பேசாமலிருந்த சபை மூப்பர் ஒருவர், "உங்களை அனுப்பும் ஆலயத்தின் கூரை ஒழுகுகிறது, கையிருப்பில் பாதிச் செலவுக்குத்தான் பணம் இருக்கிறது, முதல் மாதம் என்ன செய்வீர்கள், அம்மா?" என்று கேட்டார். பாழாய்க் கிடக்கும் ஆலயத்தைக் கட்டச் சொல்லும் ஆகாய் தீர்க்கதரிசியின் முதல் அதிகாரத்திலிருந்து நான் பதில் சொன்னேன். அவர் ஒரு சிறு தாளில் ஏதோ எழுதி, இரண்டாக மடித்து, மறுபடியும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

தேர்ச்சி பெற்றேன். அந்தத் தாளில் என்ன எழுதினார் என்பது மட்டும் தெரியவில்லை. மூன்று ஆண்டுப் படிப்பில் வரவு செலவுக் கணக்கு ஒரு மணி நேரம்கூட இடம்பெறவில்லை என்பதை இப்போது கணக்குப் புத்தகங்களோடு அமரும்போது நினைத்துக்கொள்கிறேன். மாலை மணி ஐயா, அருள்கூர்ந்து இதற்கு அறிவுரை எழுத வேண்டாம்.

மாலை மணி

ஒன்றே ஒன்று மட்டும்: பொறுப்பேற்பதற்கு முன் கடந்த மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

கரைதேடி

பழைய ஏடு ஐயா, வல்காத்தாவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் பார்த்து ஒரு நாள் முழுவதும் ஆறுதலாக இருந்தேன். பிறகு ஆட்டுக்குட்டிகளைப் பற்றி எழுதியதை மீண்டும் வாசித்ததும் அது போய்விட்டது. சி ஆண்டில் ஈஸ்டர் காலத்தின் மூன்றாம் ஞாயிறுக்கு யோவான் 21 வருகிறது. பழைய பிரசங்கத் தாளை எடுத்துப் பார்த்தேன், "மூலமொழியில்" என்ற சொல் நான்கு இடங்களில் இருக்கிறது. நான்கையும் அடித்துவிட்டேன். அடித்த பிறகு தாளில் ஒன்றரைப் பக்கம்தான் மிஞ்சியிருக்கிறது.