ஹாலூசினேஷனுக்குத் தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

பாலக்கோடு அறிவியல் ஆசிரியை, திங்கள் இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். அவசரமாக ஒரு சொல் வேண்டும். வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் செயற்கை நுண்ணறிவு பற்றி ஒரு சார்ட் எழுதியிருக்கிறார்கள். (செய்யறிவா, செயற்கை நுண்ணறிவா என்ற பழைய சண்டையைத் தயவுசெய்து யாரும் திறக்க வேண்டாம்.) எல்லாம் எழுதியாகிவிட்டது, நடுவில் ஒரு கட்டம் மட்டும் காலி. செயலி இல்லாததை எல்லாம் இருப்பதாகச் சொல்கிறதே, ஹாலூசினேஷன் என்கிறார்களே, அதற்குத் தலைப்பு.

அந்தக் கட்டம் வந்த கதை இதுதான். போன வாரம் ஒரு பையன் தமிழ் வீட்டுப்பாடத்தை ஒரு செயலியிடம் கேட்டு எழுதி வந்தான். அதியமான் ஔவைக்கு என்ன கொடுத்தான் என்பது கேள்வி. விடை: "தேன்சுவை மாங்கனி". ஆதாரமாகப் புறநானூறு 417-ஆம் பாட்டு, ஒன்பது அடி, பொழிப்புரையோடு. எங்கள் தமிழம்மா நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அரை நிமிடம் பேசவே இல்லை. புறநானூற்றில் மொத்தமே 400 பாட்டு. பையனைக் கேட்டால், "அது அளந்து விட்டதுக்கு நான் என்ன டீச்சர் பண்ணுவேன்" என்கிறான்.

அகராதியில் "மாயத்தோற்றம்" இருக்கிறது. போட்டுவிடலாமா?


காவேரிப்பட்டணம் மாந்தோப்புக்காரர், திங்கள் இரவு 10.15

டீச்சர், அந்தப் பாட்டில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. இரண்டாயிரம் வருடம் நெல்லிக்காய்க்கே பேர் போய்க்கொண்டிருந்தது, இப்போதுதான் மாம்பழத்துக்கு ஒரு நியாயம் கிடைத்திருக்கிறது.

ஒரு சந்தேகம். 2024 மே மாதம் கூகுள் தேடலில் மேலே வந்த செயற்கை நுண்ணறிவுச் சுருக்கம், பீட்சாவில் சீஸ் நழுவாமல் இருக்கப் பசை சேர்க்கச் சொன்னது. தினம் ஒரு சிறு கல்லாவது தின்னச் சொன்னது. (அது மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் கிருஷ்ணகிரி கிரானைட்டைக் கப்பலில் ஏற்ற வேண்டியதே இல்லை, எல்லாம் உள்ளூரிலேயே தீர்ந்திருக்கும்.) பசை யோசனை இணையத்தில் எவரோ என்றைக்கோ அடித்த கிண்டல். கல் யோசனை ஒரு நையாண்டித் தளத்தில் வந்தது. இரண்டையும் அது தானாகக் கற்பனை செய்யவில்லை, கிண்டலைக் கிண்டல் என்று தெரியாமல் நம்பிவிட்டது. அதுவும் உங்கள் கட்டத்துக்குள் வருமா?


அரூர் புலவர், செவ்வாய் காலை 5.50

அம்மா, மாயத்தோற்றம் கூடவே கூடாது. தோற்றம் கண்ணுக்கு உரியது. கண்ணில்லாத பொறிக்கு ஏது தோற்றம்?

இதற்கு வள்ளுவரே இலக்கணம் சொல்லிவிட்டார். "பொருளல்ல வற்றைப் பொருளென்று உணரும் மருளானாம் மாணாப் பிறப்பு." குறள் 351. சொல் அங்கேயே இருக்கிறது: மருள். செயலி மருள்கிறது, மருண்டது, மருளும். எதிர்ச்சொல் தெருள். அதைத் திருத்தும் வேலைக்குத் தெருட்டுதல். ஒரு சொல் கேட்டீர்கள், ஒரு குடும்பத்தையே தருகிறேன். தொல்காப்பியர் சொன்ன எட்டு மெய்ப்பாடுகளில் நான்காவது மருட்கை. அங்கே அது வியப்பு. மருட்கைக்கும் மருளுக்கும் உள்ள உறவைப் பற்றித் தனியே எழுத வேண்டும், இரவுக்குள் அனுப்புகிறேன்.


பென்னாகரம் மொழிபெயர்ப்பாளர், செவ்வாய் மதியம் 1.20

புலவர் ஐயா, அந்தச் சொல்லோடு எங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகைக்கு ஒருமுறை வந்து பாருங்கள். இங்கே மருள் என்றால் சாமி வந்து ஆடுவது. உங்கள் மடலை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "கம்ப்யூட்டருக்கு மருள் வந்திருக்குதா? சும்மா விடாதீங்க, வேப்பிலையைக் குடுத்து வாக்குக் கேளுங்க" என்றார். மருள் வந்தவர் சொல்வது பொய்யாகாது, அது வாக்கு. டீச்சர் சொல்ல வந்ததற்கு நேர் எதிராகப் போய்விடும்.

பிரமை போதுமே. "பிரமை பிடித்த மாதிரி" என்றால் எல்லோருக்கும் புரியும்.


அரூர் புலவர், செவ்வாய் மாலை 4.05

பிரமையா! வடமொழியில் மயக்கத்துக்கு ஒரு சொல், மெய்யறிவுக்கு ஒரு சொல். முதலெழுத்தின் ஒலிப்பு வேறு. தமிழில் எழுதும்போது இரண்டும் பிரமைதான். மெய்யும் பொய்யும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கும். கலைச்சொல்லுக்கு இதைவிடக் கேடு வேண்டுமா? கடன் வாங்குவதே தப்பு, அதிலும் எந்தச் சொல்லை வாங்கினோம் என்று தெரியாமல் வாங்குவது!

மருட்கை பற்றிய கட்டுரை பாதியில் நிற்கிறது.


ஓசூர் மென்பொருள்காரர், செவ்வாய் இரவு 11.30

ஐயா, அக்கா, டீச்சர், வேலை முடிந்து இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். உள்ளே என்ன நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

இந்தச் செயலிகளுக்குள் இருக்கும் மொழி மாதிரிகள் (மாடல் என்கிறார்களே, அவை) எதையும் நினைவிலிருந்து எடுத்துப் பார்த்துச் சொல்வதில்லை. இதுவரை வந்த சொற்களை வைத்து அடுத்து எது வர எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போடும், ஒன்றை எடுக்கும், மறுபடி கணக்கு. கிட்டத்தட்ட அந்தாதி. செய்யுளை மனப்பாடம் பண்ணாமல் தேர்வுக்குப் போன பையனை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் சீர் ஞாபகம் வரும், ஓசை ஞாபகம் இருக்கும், மீதியை அதே ஓசையில் நிரப்பிவிட்டு வருவான்.

2023 பிப்ரவரியில் கூகுளின் பார்ட் என்ற உரையாடல் செயலி மாட்டிக்கொண்டது இப்படித்தான். சூரியக் குடும்பத்துக்கு வெளியே இருக்கும் கோளை முதன்முதலில் படம் பிடித்தது ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி என்று விளம்பரத்திலேயே சொன்னது. அந்தப் படம் 2004-லேயே சிலியில் உள்ள தொலைநோக்கியில் எடுத்தது. ஒரே நாளில் நிறுவனத்தின் பங்கு மதிப்பில் ஏறக்குறைய 10,000 கோடி டாலர் காலி. அதே ஆண்டு நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி சொன்ன இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டி 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள்.

ஆகவே பிரமை, மருள், தோற்றம் எதுவும் சரிவராது. அவை எல்லாம் உணர்கிறவனுக்கு வருவது, இது உணர்வதே இல்லை. ஆங்கிலத்திலேயே பலர் இதைச் சொல்லிவிட்டார்கள். என் ஓட்டு "இட்டுக்கட்டல்".

தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, சேலத்தில் வக்கீலாக இருந்த காலத்தில், 1916-ல் அறிவியல் கலைச்சொல்லுக்கென்றே ஒரு சங்கம் வைத்தார். அப்போது ஓசூர், தர்மபுரி எல்லாம் சேலம் ஜில்லா. நூறு வருடம் தாண்டியும் அதே மண்ணில் அதே சண்டை.

இன்னொன்று, சும்மா. கன்னடத்தில் பொய்க்கு ஹுசி. நம் பகரம் அங்கே ஹகரமாகும். புகைக்கு ஹொகெ, அதனால்தான் ஒகேனக்கல். பொய்க்கு ஹுசி.


காவேரிப்பட்டணம் மாந்தோப்புக்காரர், புதன் காலை 6.30

பாலுக்கு ஹாலு. அதை ஏன் விட்டீர்கள் தம்பி? ஹாலு, ஹுசி, ஹாலூசினேஷன். பாலில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பசுமேல் சத்தியம் பண்ணுவது. விவாதம் முடிந்தது.


அரூர் புலவர், புதன் காலை 6.45

அது இலத்தீன். மனம் அலைவது என்று பொருள். விளையாட்டுக்குக்கூட இப்படி எழுதாதீர்கள், நாளைக்கு உங்கள் செயலி இதையே ஆதாரமாக எடுத்துச் சொல்லும்.


பாலக்கோடு அறிவியல் ஆசிரியை, புதன் இரவு 8.10

ஐயா சொன்னதைப் படித்து வீட்டில் எல்லோரும் சிரித்தோம். ஆனால் எனக்கு நாளை ஒரு நாள்தான் இருக்கிறது.

இன்று வகுப்பில் எல்லாச் சொற்களையும் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். மாயத்தோற்றம் என்றதும் பிள்ளைகள் பேய்ப் படம் என்றார்கள். இட்டுக்கட்டல் யாருக்கும் வாயில் வரவில்லை, ஒருத்தி மட்டும் "மூட்டை கட்டறதா டீச்சர்?" என்றாள். கடைசியில் அந்த 417-ஆம் பாட்டுப் பையன் எழுந்து, "நான்தான் அன்னைக்கே சொன்னேனே, அளக்குது" என்றான். "அளப்பு" என்று போட்டால் என்ன?


பென்னாகரம் மொழிபெயர்ப்பாளர், புதன் இரவு 8.50

எனக்குச் சம்மதம். பிரமையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.


அரூர் புலவர், புதன் இரவு 9.30

எனக்குச் சம்மதமில்லை. தமிழில் அளவை என்பது மெய்யை அறியும் கருவி. காண்டல், கருதல், உரை என்று அளவைகளை வகுத்து வைத்திருக்கிறார்கள். தருக்கத்துக்கே அளவையியல் என்றுதான் பெயர். அந்த வேரிலிருந்து பொய்க்குப் பெயரா? தராசுக்கடைப் பெயரைத் திருட்டுக்கு வைப்பது போலிருக்கிறது.


காவேரிப்பட்டணம் மாந்தோப்புக்காரர், புதன் இரவு 9.50

ஐயா, கோபிக்காதீர்கள். எங்கள் தாத்தா களத்தில் கேழ்வரகை வள்ளத்தில் அளந்து சாக்கில் விடுவார். அளப்பார், விடுவார், மறுபடி அளப்பார், விடுவார். உள்ளே மண் இருக்கிறதா, கல் இருக்கிறதா என்று வள்ளத்துக்குத் தெரியாது, அளவு மட்டும் சரியாக இருக்கும். ஓசூர்த் தம்பி சொன்ன கணக்கும் அதேதானே? ஒவ்வொரு சொல்லையும் அளந்துதானே விடுகிறது? தெரியாமலே பையன் சரியாகச் சொல்லியிருக்கிறான்.


ஓசூர் மென்பொருள்காரர், வியாழன் நள்ளிரவு 12.40

அழகாகத்தான் இருக்கிறது அண்ணா, ஆனால் சிக்கலும் அதில்தான். சரியான விடையையும் அது அதே வள்ளத்தில்தான் அளக்கிறது. அப்படியானால் அளப்பு மொத்த வேலைக்கும் பெயராகிவிடும், தப்புக்கு மட்டும் பெயராகாது. அப்புறம், ஊரில் அளக்கிறவனுக்குத் தான் அளக்கிறோம் என்று தெரியும். இதற்கு அதுவும் தெரியாது. நான் இட்டுக்கட்டலோடே இருக்கிறேன். எதிர்ப்பு ஒன்று என்று குறித்துக்கொள்ளுங்கள். தூங்கப் போகிறேன்.


பாலக்கோடு அறிவியல் ஆசிரியை, வெள்ளி மாலை 5.20

"அளப்பு" என்றே எழுதி ஒட்டிவிட்டோம். ஐயாவுக்காகக் கீழே பொடி எழுத்தில் குறள் 351-ம் போட்டேன். மாந்தோப்பு அண்ணன் கேட்ட பசைக்கும் கல்லுக்கும் பக்கத்திலேயே தனிக் கட்டம், தலைப்பு "கிண்டலை நம்பியது". பார்க்க வந்த பெற்றோர் ஒருவர் அளப்பு என்பதைப் பார்த்துவிட்டு நிலம் அளக்கும் செயலியா என்று விசாரித்தார். விளக்கியதும், எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது, செயலி இல்லை, மச்சான் என்றார்.

எல்லோருக்கும் நன்றி.


அரூர் புலவர், வெள்ளி மாலை 6.00

குறளுக்கு நன்றி அம்மா. மருளை நான் விடவில்லை. அந்த 417-ஆம் பாட்டு இன்னும் கையில் இருந்தால் அனுப்புங்கள்.


அரூர் புலவர், வெள்ளி இரவு 10.25

பார்த்தேன். அகவலோசை ஓரளவு வருகிறது. மூன்றாம் அடியில் ஐந்து சீர். எனக்குப் பொறுக்கவில்லை, ஒரு சீரை எடுத்துவிட்டுத் திருத்தி இணைத்திருக்கிறேன். பையனிடம் கொடுத்துவிடுங்கள்.