சில்வர் ஜூபிலி ரயில் மாதிரி: பெட்டி இணைப்பிலும் வண்ணத்திலும் உதவி தேவை

நண்பர்களுக்கு வணக்கம். லண்டன் கிங்ஸ் கிராஸுக்கும் நியூகாசிலுக்கும் இடையே 1935 செப்டம்பர் 30 முதல் ஓடிய ‘சில்வர் ஜூபிலி’ ரயிலை, 16.5 மி.மீ. தண்டவாளத்தில் ஓடக்கூடிய மாதிரியாக, 1:76 அளவில் செய்து வருகிறேன். நைஜல் கிரெஸ்லி வடிவமைத்த ஏ4 நீராவி இன்ஜின், ஏழு பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஏறத்தாழ 430 கி.மீ. தொலைவை நான்கே மணி நேரத்தில் கடந்தது. சேவை தொடங்குவதற்கு மூன்று நாள் முன்னர் நடந்த வெள்ளோட்டத்திலேயே ‘சில்வர் லிங்க்’ என்ற ஏ4 வகை இன்ஜின் மணிக்கு 112.5 மைல் வேகத்தைத் தொட்டது. ஆப்பு வடிவ முகப்பு, காற்றுத் தடையைக் குறைத்ததோடு புகையையும் ஓட்டுநரின் பார்வையை மறைக்காதபடி மேலே தூக்கிவிட்டது என்பதால், அதை வெறும் அலங்காரம் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

சிக்கல் பெட்டிகளில்தான். அவை இரண்டு, மூன்று, இரண்டு எனப் பிணைக்கப்பட்டு, ஒவ்வொரு பிணைப்பிலும் அடுத்தடுத்த பெட்டிகள் ஒரே போகியை (பெட்டியைத் தாங்கித் திரும்பும் சக்கரச் சட்டத்தை) பகிர்ந்துகொண்டன. இதே அமைப்பை மாதிரியில் செய்தபோது, வளைவில் திரும்பும் போகிச் சக்கரம் பெட்டியின் அடிப்பக்க மறைப்புத் தகட்டில் உரசித் தடம்புரள்கிறது. தகட்டை வெட்டினால் ரயிலின் தோற்றமே கெட்டுவிடும். பகிர்ந்த போகியை எந்த இடத்தில், எப்படிப் பொருத்தினால் தடையின்றித் திரும்பும்?

இன்ஜினில் சாம்பல் நிறத்தின் மூன்று சாயல்கள் இருந்தன. பெட்டிகளுக்கோ வெள்ளிச்சாம்பல் ரெக்ஸின் போர்த்தப்பட்டிருந்தது. இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்ட ஏற்ற பெயிண்ட் எது என்பதையும், இதைச் செய்து பார்த்தவர்கள் படங்களுடன் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.