புதுப்பிப்பு: மூடுபனியில் லேசர் ஒளியைப் பிரித்தெடுத்தல்

போடிமெட்டு மலைப்பாதையில் மூடுபனி இறங்கும்போது, எதிர்வளைவில் நிறுத்திய சர்வே பிரிசத்திலிருந்து (ஒளியை வந்த திசையிலேயே திருப்பும் கண்ணாடி இலக்கு) திரும்பும் லேசர் ஒளி, பனித்துளிகளின் சிதறொளியில் மூழ்கிவிடுவதைத் தவிர்க்க வழி கேட்டிருந்தேன். நண்பர்கள் பரிந்துரைத்த 532 நானோமீட்டர் வடிகட்டி (லேசரின் பச்சை அலைநீளத்தை மட்டும் விடுவது) பகல் வெளிச்சத்தை நன்றாகவே தடுக்கிறது. ஆனால் சிதறொளியும் அதே அலைநீளத்தில் வருவதால், பனிக்கு அது போதவில்லை.

ஒளியை அளக்கும் உணர்விக்கு முன்னால் சுருள்கட்டத் தகடு (spiral phase plate) என்ற ஒளிபுகும் தகட்டைப் பொருத்திய பிறகுதான் உண்மையான மாற்றம் தெரிந்தது. தகட்டின் கனம் அச்சைச் சுற்றிச் சீராக ஏறுவதால், கட்டம் (phase, அதாவது ஒளியலைகளின் ஏற்ற இறக்க ஒழுங்கு) குலையாமல் திரும்பும் ஒளி நடுவில் இருளும் சுற்றிலும் வெளிச்சமுமாக வளையம் கட்டுகிறது. பலமுறை சிதறிய ஒளியோ வளையமாகாமல் பரவி நடுவையும் நிரப்புகிறது. எனவே வளையத்தை மட்டும் அளந்து, நடுப்பகுதியின் அளவைப் பின்னணியாகக் கழிக்கிறேன்.

சொரசொரப்பான பாறையிலிருந்து வரும் ஒளி கட்டம் கலைந்தே திரும்புவதால், பிரிசம் போன்ற இலக்குகளுக்கு மட்டுமே இதைப் பரிந்துரைப்பேன். தகட்டை லேசரின் அலைநீளத்துக்கேற்பவே வாங்க வேண்டும்.