ஆய்வுலைக்கு மதிலை உயர்த்தினால் காணுமோ?

பௌதிகப் பிள்ளை, திருநெல்வேலி:
யாழ் பல்கலைக்கழகத்தில கடைசி வருசம். செமினாருக்குப் பல்கலைக்கழக அணு ஆய்வுலைகளின்ர காவல் எண்ட தலைப்பை எடுத்திருக்கிறன். 2005இல அமெரிக்க ஏபிசி ரீவிக்காரர் மாணவர்களை 25 வளாக உலைகளுக்கு அனுப்பிப் பார்த்த கதை வாசிச்சனான். சில இடங்களில காவல்கூண்டில ஆளே இல்லையாம். என்ர ஸ்லைட்டில மதில், கமரா, துவக்கோட செக்குரிட்டி, இந்த மூண்டுதான் இருக்கு. சேர் பார்த்திட்டு "இது வங்கிக்குச் சரி" எண்டு சிரிச்சிட்டுப் போட்டார். என்ன விடுபட்டிருக்கு?

வடமராட்சியான்:
எங்கட நாட்டில உலையே இல்லை. சூரிய மின்கலத்தில ஏதும் செய்யுங்கோ தங்கச்சி, வேலையாவது கிடைக்கும்.

கோண்டாவில் பெரியப்பா:
பிள்ளை, அவர் சொல்லுறதைக் கேளாதையும். நான் அமெரிக்காவில ஒரு பல்கலைக்கழக ட்ரிகா உலையில (படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் பாவிக்கிற ஒரு வகைச் சின்ன அணு உலை) கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பகுதியில நிண்டு ஓய்வெடுத்தனான். இப்ப வாழைக்குத் தண்ணி கட்டுறன். இடத்தின்ர பேர் வேண்டாம்.

உம்மட ஸ்லைட்டில இல்லாதது நேரம். மதில் கள்ளனை மறிக்காது, சுணக்கும், அவ்வளவுதான். அவன் அலுவலை முடிச்சு வெளிக்கிடப் பத்து நிமிசம், பொலிஸ் வந்து சேரப் பதினைஞ்சு நிமிசம் எண்டு வையும். கடைசிக் கதவிலதான் அலாரம் அடிக்குமெண்டால், அதுக்கு முன்னால எத்தினை மதில் கட்டினாலும் அந்தச் சுணக்கம் கணக்கில வராது. முதல்ல கண்டுபிடிக்க வேணும், பிறகு சுணக்க வேணும், அதுக்குள்ள ஆள் வந்து சேர வேணும். நகரப் பொலிசை முன்கூட்டியே உள்ள கூட்டிக்கொண்டு போய் ஒத்திகை பார்க்கிறது நாலு கமராவை விடப் பெறுமதி. கதிர்வீச்சுக் குறியைக் கண்டு வாசலில தயங்கி நிக்கிற பொலிசால என்ன பிரயோசனம்?

ஆனால் நானெண்டால் முதல் ஸ்லைட்டில வேற கேள்வி போடுவன்: உள்ள களவெடுக்க என்ன இருக்கு? முந்தி கன உலைகளில 90 வீதத்துக்கு மேல செறிவூட்டின யுரேனியம் இருந்தது. அது குண்டுக்கு உதவும். 20 வீதத்துக்குக் குறைஞ்ச எரிபொருளுக்கு மாத்திற திட்டம் 1978இல தொடங்கினது. 1986இல அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணைக்குழு விதியே போட்டுது, ஆனால் அரசு காசு தந்தால்தான் மாத்த வேணும் எண்டு. பிறகென்ன, இருபது வருசம் இழுபட்டுது! பல்கலைக்கழகங்கள் மாத்தின வருசத்தைப் பாரும்: புளோரிடா 2006, பர்டியூ 2007, ஒரிகன் ஸ்டேட் 2008, விஸ்கொன்சின் 2009. எம்.ஐ.ரி.யின்ர 6 மெகாவாட் உலையும் மிசூரியின்ர 10 மெகாவாட் உலையும் இன்னும் இழுபடுது. அதுகளுக்கு அடர்த்தி கூடின புது எரிபொருள் வேணும்.

இனி, வேலியே பயிரை மேயிற பிரச்சினை. கொங்கோ நாட்டுக் கின்ஷாசா பல்கலைக்கழக ட்ரிகா உலையில 1970களில இரண்டு எரிபொருள் கோல் களவு போனது. ஒண்டை 1998இல இத்தாலிப் பொலிஸ் பிடிச்சுது, மற்றது இண்டைக்கும் இல்லை. திறப்பு ஆரிட்ட, கோலை ஆர் எண்ணுறது எண்டதுக்கு மதிலில மறுமொழி இல்லை. அமெரிக்காவில 2005 எரிசக்திச் சட்டத்துக்குப் பிறகு துணையில்லாமல் உள்ள போறவைக்குக் கைரேகை எடுத்துச் சோதிக்கத் தொடங்கிச்சினம். எங்கட பேராசிரியர்மார் கொதிச்சவை. எனக்கு அது சரியெண்டுதான் பட்டுது. பிறந்த நாட்டைப் பார்த்து மாணவனைச் சந்தேகிக்கிறதைத்தான் நான் ஒத்துக்கொள்ளேல்லை. சோதனைச் சாவடியில நிண்ட ஆக்களுக்கு அதை விளங்கப்படுத்தத் தேவையில்லைத்தானே.

ஆய்வுகூடத் தம்பி:
உலையே இல்லை எண்ட அண்ணைக்கு ஒண்டு சொல்லவேணும். டெல்லிப் பல்கலைக்கழகத்தில பாவிக்காமல் கிடந்த, கோபால்ட்-60 எண்ட கதிர்வீச்சுப் பொருள் உள்ள கருவியை 2010இல பழைய சாமானெண்டு ஏலத்தில வித்தவை. டெல்லி மாயாபுரி பழைய இரும்புக்கடையில அதைப் பிரிச்சதில கதிர்வீச்சுப் பட்டு ஒருத்தர் செத்தவர். அங்க ஒருத்தரும் மதில் ஏறேல்லை. எங்களுக்கும் 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டம் இருக்கு, கதிர்வீச்சு வெளிவிடுற பொருள் வைச்சிருக்க அனுமதிப்பத்திரம் வேணும். பொருட்பதிவேடும் றாக்கையில கிடக்கிறதும் ஒத்துப்போகுதோ எண்டு பார்க்கிறதும் காவல்தான்.

பௌதிகப் பிள்ளை, திருநெல்வேலி:
நன்றி ஐயா, நன்றி அண்ணை. அப்ப பள்ளிக்கூடப் பிள்ளையள் உலை பார்க்க வாறதை நிப்பாட்ட வேணுமோ?

கோண்டாவில் பெரியப்பா:
ஏன் நிப்பாட்டுறது? படிப்பிக்கிறதுக்குத்தானே அந்த உலை. பேர் முன்கூட்டியே வரவேணும், பை வெளியில, கூட ஒரு ஆள். எங்களுக்குத் தலையிடி தந்தது வந்து போற பிள்ளையள் இல்லை. கோப்பி எடுக்கப் போகேக்க கதவுக்குக் கதிரை வைச்சுத் திறந்து விட்டிட்டுப் போற எங்கட ஆக்கள்தான். கதவு கனநேரம் திறந்து கிடந்தால் கத்திற மணி ஒண்டு பூட்டின பிறகுதான் அது அடங்கிச்சுது. சேரிட்ட அதையும் சொல்லும். உம்மட ஸ்லைட்டில எந்த உலையின்ர கட்டட வரைபடமும் போடாதையும், இணையத்தில கிடந்தாலும்.