மயக்க மருந்துத் தொட்டியில் ஜிலேபிக் கெண்டைகள் துள்ளிப் புரள்கின்றன, சில தெளியாமலே சாகின்றன. எங்கே கோளாறு?

சுண்ணாம்பாறு:
வணக்கம். புதுச்சேரியில் ஆய்வு மாணவி. ஏறக்குறைய 100 கிராம் எடையுள்ள ஜிலேபிக் கெண்டைகளின் வாலடியிலிருந்து ரத்தம் எடுத்து கார்ட்டிசாலும் (மன அழுத்தத்தில் ஏறும் ஹார்மோன்) சர்க்கரையும் அளக்கிறேன். மயக்கத்துக்கு ட்ரைக்கைன் (எம்.எஸ். 222). நெறிக்குழு அனுமதி இருக்கிறது.

மருந்துத் தொட்டியில் விட்டவுடனே மீன் வெறிபிடித்தாற்போலச் சுற்றுகிறது. விளிம்புக்கு மேலே துள்ளுகிறது, உடம்பெல்லாம் கோழை கட்டுகிறது. மயங்கவும் நேரமாகிறது. ஆய்வகக் குறிப்பில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் என்றிருந்தது. மயங்கவில்லை என்று 150 ஆக்கினோம், இப்போது 200. அளவு கூடக் கூடத் துள்ளலும் கூடுகிறது. தெளியவிடும் தொட்டிக்கு மாற்றிய பிறகு செவுள் மூடி அசையாமலே சில மீன்கள் செத்துவிட்டன.

வளர்ப்புத் தொட்டியில் ஆழ்துளைக் கிணற்று நீர், மதியம் 31 டிகிரி இருக்கும். மருந்தை ஆர்.ஓ. நீரில் கரைக்கிறோம். தெளிவுத் தொட்டி குளிரூட்டிய அறையில் இருக்கிறது. கேட்டால், "மயங்குகிற மீன் எல்லாமே அப்படித்தான் ஆடும்" என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

மணக்குளம்:
ட்ரைக்கைனை விட்டுவிட்டுக் கிராம்பு எண்ணெய்க்கு மாறிவிடுங்கள். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிறது, விலையும் குறைவு, மீன் அமைதியாகச் சாய்கிறது.

வெள்ளாற்றங்கரை:
அம்மா, மருந்தை மாற்றுவதற்கு முன் இரண்டு கேள்விகள். கரைசலின் பி.எச். அளந்தீர்களா? அந்த ஆய்வகக் குறிப்பு எந்த மீனுக்காக எழுதப்பட்டது?

சுண்ணாம்பாறு:
இப்போதுதான் அளந்தேன் ஐயா. 200 மில்லிகிராம் கரைசலில் 3.7. வளர்ப்புத் தொட்டியில் 7.6. குறிப்பு பல வருடங்களாகக் கைமாறி வருவது. தேடிப் பார்த்ததில், முதலில் கடல் மீன் வேலைக்காக எழுதப்பட்டதாம்.

வெள்ளாற்றங்கரை:
அங்கேதான் முடிச்சு. பரங்கிப்பேட்டைப் பக்கம் கழிமுக நீரில் வேலை செய்தவன் நான். கடல் நீருக்குத் தன்னிடமே காரத்தன்மை உண்டு. ட்ரைக்கைனின் அமிலத்தை அது வாங்கிக்கொள்ளும். அதனால் கடல் மீன்காரர்கள் எதையும் சேர்ப்பதில்லை, குறிப்பிலும் எழுதுவதில்லை. ஆர்.ஓ. நீரில் அந்தத் தாங்குசக்தி அடியோடு நீக்கப்பட்டிருக்கிறது. அதில் இந்த மருந்தைப் போட்டால் உங்கள் மீன் அமிலத்தில்தான் இறங்குகிறது. செவுள் என்பது மெல்லிய தோல் மட்டுமே மூடிய ரத்தம். அதன் மேல் பி.எச். 3.7 பட்டால் துள்ளாமல் என்ன செய்யும்? கோழை கட்டுவதும் அதனால்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அமில நீரில் ட்ரைக்கைனின் கணிசமான பகுதி மின்னேற்றம் பெற்ற வடிவத்தில் நிற்கிறது. அந்த வடிவம் செவுளைக் கடந்து எளிதில் உள்ளே போகாது. ஆகவே மயக்கம் தாமதிக்கிறது. தாமதிக்கிறது என்று நீங்கள் மருந்தைக் கூட்டுகிறீர்கள். மருந்து கூடினால் அமிலமும் கூடுகிறது. 100 இலிருந்து 200 வரை வந்த கதை இதுதான்.

செய்ய வேண்டியது: 1 கிராம் ட்ரைக்கைனுக்கு 2 கிராம் சோடியம் பைகார்பனேட். ஆப்ப சோடா என்று வீட்டில் சொல்கிறோமே, அதே பொருள்தான். ஆனால் ஆய்வகத் தரத்தில் வாங்குங்கள். சலவைச் சோடா வேறு, பேக்கிங் பவுடர் வேறு, இரண்டும் கூடாது. ஆர்.ஓ. நீரை விட்டுவிட்டு மீன் வாழும் தொட்டி நீரிலேயே கரையுங்கள். கலக்கிய பிறகு பி.எச். பாருங்கள், தொட்டியின் 7.6 ஐ ஒட்டி நிற்க வேண்டும். அளவையும் 100 க்கே இறக்கி அங்கிருந்து தொடங்குங்கள். ஒரே ஒரு மீனை வைத்து முதலில் பார்த்துவிட்டு மற்றதைத் தொடுங்கள்.

தேங்காய்த்திட்டு:
சகோதரி, தப்பாக நினைக்காதீர்கள். எங்கள் குடும்பம் விசைப்படகுக் குடும்பம். வலையில் ஏறிய மீன் தளத்திலேயே மூச்சுத் திணறிச் சாகிறது, கணக்கே கிடையாது. அங்கே யாரும் கேட்பதில்லை. ஆய்வகத்தில் பத்துக் கெண்டை துள்ளினால் இத்தனை பேச்சா? மீனுக்கு வலிக்கும் என்று யார் கண்டது?

உப்பனாறு:
படகில் நடப்பதைப் பற்றி நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி, அதை யாரும் பேசுவதில்லை என்பதும் உண்மை. ஆனால் அங்கே யாரும் கேட்பதில்லை என்பது இங்கேயும் கேட்கக் கூடாது என்பதற்குக் காரணம் ஆகாது.

வலி பற்றி: 2003 இல் லின் ஸ்னெடனும் உடன் ஆய்வாளர்களும் வானவில் ட்ரவுட் மீனின் முகத்தில் வலியுணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினார்கள். உதட்டில் அசிட்டிக் அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் உதட்டைச் சரளைக்கல்லில் தேய்த்தன, உடலை ஆட்டிக்கொண்டே இருந்தன, தீனி எடுக்கத் தாமதித்தன. மார்பின் கொடுத்தபோது அது குறைந்தது. வெறும் அனிச்சைச் செயல் என்றால் மார்பினுக்கு அங்கே என்ன வேலை? மீன் அதை நம்மைப் போல உணர்கிறதா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. வாதம் ஓயும்வரை மீனை அமிலத்தில் முக்கலாம் என்று அதற்குப் பொருளில்லை. நம் 1960 ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம்கூட மனிதர் அல்லாத உயிரினம் எல்லாவற்றையும் விலங்கு என்றுதான் சொல்கிறது. மீனை விலக்கவில்லை.

சுண்ணாம்பாறு, உங்கள் வேலைக்கு இதில் இன்னொரு அடி இருக்கிறது. நீங்கள் அளப்பதே கார்ட்டிசால். மீனைத் தொந்தரவு செய்த சில நிமிடங்களில் அது ஏறத் தொடங்கிவிடும். அமிலத் தொட்டியில் துள்ளிய மீனின் ரத்தத்தில் நீங்கள் அளந்தது உங்கள் ஆய்வுக் காரணியையா, அந்தத் தொட்டியையா? பழைய அளவீடுகளைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். புதியவற்றோடு கலக்காதீர்கள்.

தேங்காய்த்திட்டு:
மார்பின் சங்கதி எனக்குப் புதிது. ஒப்புக்கொள்கிறேன் என்று சொல்லவில்லை, யோசிக்கிறேன்.

மணக்குளம்:
சோடா சேர்த்தாலும் ட்ரைக்கைனை மீன்கள் வெறுக்கின்றன என்றுதானே ஆய்வுகள் சொல்கின்றன? கிராம்பு எண்ணெயை ஏன் யாரும் பேசவில்லை?

உப்பனாறு:
சரியாகப் பிடித்தீர்கள். 2014 இல் ஜீப்ரா மீன்களைத் தமக்குப் பிடித்த வெளிச்சப் பக்கத்தில் வைத்து மருந்துக்கு உட்படுத்தினார்கள். ட்ரைக்கைன் அனுபவித்த மீன்களில் பெரும்பாலானவை பிறகு அந்தப் பக்கம் போக மறுத்தன. கிராம்பு எண்ணெய்க்கு மறுத்தவை குறைவு. ஆகவே சோடாவோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நானும் சொல்ல மாட்டேன். மயங்கிய பின் மீன் எப்படி இருக்கிறது என்று பார்க்கிறோம், மயங்கும் வழியில் என்ன பட்டது என்று பார்ப்பதில்லை.

ஆனால் கடைக் கிராம்பு எண்ணெய் ஆய்வுக்கு உதவாது. அதில் மயக்கும் பொருளான யூஜினால் எவ்வளவு, கலப்படம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. நீரில் நேராகக் கரையாது, எத்தனாலில் கலந்துதான் விட வேண்டும். சரியாகக் கலக்காவிட்டால் எண்ணெய்த் துளி செவுளில் ஒட்டும். தெளிவதற்கும் நேரம் பிடிக்கும். மாறுவதானால் தூய யூஜினால் வாங்கி, நெறிக்குழுவிடம் மருந்து மாற்றத்துக்கு மறு அனுமதி பெற்று மாறுங்கள். படிவத்தில் ஒரு மருந்து, தொட்டியில் ஒரு மருந்து என்பது வேண்டாம்.

வெள்ளாற்றங்கரை:
துள்ளலுக்குக் காரணம் சொன்னேன், சாவுக்குச் சொல்லவில்லை. அதற்கு 200 மில்லிகிராமும் காரணம், வெப்பமும் காரணம். 31 டிகிரி மீனைக் குளிர்ந்த நீரில் போட்டால் அதுவே ஓர் அடி. தெளிவுத் தொட்டியை வளர்ப்புத் தொட்டிக்குப் பக்கத்திலேயே வையுங்கள், அதே நீர், அதே வெப்பம். இந்தச் சூட்டில் நன்னீரில் முழுச் செறிவிலேயே லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் அளவுக்குத்தான் ஆக்ஸிஜன் நிற்கும். மருந்துத் தொட்டி, தெளிவுத் தொட்டி இரண்டிலும் காற்றுக் கல் ஓட வேண்டும். முடிந்தால் வேலையைக் காலையில் முடித்துவிடுங்கள். முந்தின நாள் தீனியை நிறுத்துங்கள், மயக்கத்தில் கக்கிச் செவுளை அடைத்துக்கொள்ளாது.

மீனைப் பார்க்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன், இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். முதலில் நீந்தல் மந்தமாகும். பிறகு சமநிலை இழந்து சாயும். வாலடியைக் கிள்ளினால் துடிக்காது, ஆனால் செவுள் மூடி நிதானமாக, சீராக அசைந்துகொண்டிருக்கும். உங்களுக்கு வேண்டிய இடம் அதுதான். ஊசியைப் போடுங்கள். செவுள் மூடி தயங்கித் தயங்கி அசைந்தால் எல்லை தாண்டிவிட்டீர்கள், ஊசியைக் கீழே வைத்துவிட்டு நல்ல நீருக்கு மாற்றுங்கள். ஒரு சமயத்தில் ஒரு மீன். ஒருவர் ஊசி போட, இன்னொருவர் செவுளையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஈரத் துணியில் கிடத்துங்கள், ஈரக் கையுறையோடு தொடுங்கள். கையுறை உங்களுக்காகவும்தான், இந்த மருந்தில் அடிக்கடி வெறுங்கை வைத்தவருக்கு விழித்திரை பாதித்ததாகப் பதிவு உண்டு.

தெளியும்போது மீனின் வாயை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடியுங்கள். முன்னும் பின்னும் இழுத்து ஆட்டாதீர்கள், பின்னால் இழுக்கும்போது செவுளுக்குள் நீர் தலைகீழாகப் போகிறது. செவுள் மூடி அசைவு நின்றுவிட்டது என்றால் செத்துவிட்டது என்று தூக்கிப் போடவும் வேண்டாம். இதயம் துடித்துக்கொண்டிருக்கும். சிறு குழாயால் வாய்க்குள் நீர் செலுத்தினால் பல மீன்கள் திரும்பி வரும்.

இதன் மறுபக்கம்: ஆய்வு முடிந்து மீனைக் கொல்ல வேண்டியிருந்தால் அசைவு நின்றவுடன் எடுத்துவிடக் கூடாது. லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்கு மேல், அதுவும் சோடா சேர்த்தே, செவுள் மூடி அசைவு நின்ற பிறகும் குறைந்தது 10 நிமிடம். அதன் பின் மூளையைச் சிதைத்து உறுதி செய்யுங்கள்.

உப்பனாறு:
ஐயா, நான் மடவை மீன் வைத்துக் கடலூரில் வேலை செய்கிறேன், கழிமுக நீர்தான். இதுவரை சோடா சேர்த்ததில்லை.

வெள்ளாற்றங்கரை:
கோடையில் தேவைப்படாது. ஐப்பசி, கார்த்திகையில் கெடிலம் பெருகி வரும்போது உங்கள் நீர் பாதி நன்னீராகிவிடும். அப்போது அளக்காமல் மீனை விடாதீர்கள்.

சுண்ணாம்பாறு:
ஐயா, அக்கா, இருவருக்கும் நன்றி. தொட்டி நீரில் 100 மில்லிகிராம் ட்ரைக்கைன், 200 மில்லிகிராம் சோடா. பி.எச். 7.5. ஒரு மீனை விட்டேன். சற்றே விலகிப் பார்த்தது, ஒரு சுற்றுச் சுற்றியது, சாய்ந்தது. துள்ளல் இல்லை, கோழை இல்லை. காற்றுக் கல் அருகில் பிடித்தவுடன் தெளிந்தும்விட்டது. இறந்த மீன்களின் விவரத்தையும் குறிப்பு மாற்றத்தையும் நெறிக்குழுவுக்கு எழுதுகிறேன். பழைய இருப்புக் கரைசல் மஞ்சளாகத் தெரிகிறது, பயன்படுத்தலாமா? அப்புறம், ஆய்வக உதவியாளர் வேலை முடிந்த மீனைக் குழம்புக்குக் கேட்கிறார். நல்ல கெண்டைதானே என்கிறார். என்ன சொல்வது?

வெள்ளாற்றங்கரை:
வெளிச்சம் பட்டால் அந்தக் கரைசல் நிறம் மாறிக் கெட்டுவிடும். கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள், பழுப்புப் புட்டியில் குளிர்பெட்டிக்குள் வையுங்கள். கொட்டுவதும் ஆய்வகக் கழிவோடு, ஆற்றில் அல்ல.

குழம்புக்குக் கிடையாது. அமெரிக்காவில் இந்த மருந்து பட்ட உணவு மீனுக்கே 21 நாள் காத்திருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். ஆய்வு மீன் அதற்குப் பிறகும் கிடையாது. அவருக்குச் சந்தையில் ஒரு கிலோ வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.